இரண்டு மணித் தலைவலி

எடைமேடையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு, அந்தக் கோடையில் தினமும் இரண்டு மணிக்குத் தலை வலித்தது. ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம். அந்தக் கிடங்கில் நேரத்துக்கு வந்த ஒரே விஷயம் அதுதான்.

தானியக் கிடங்கின் வாசலில், லாரி ஏறி நிற்கும் இரும்புத் தளத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அறை இருந்தது. தகரக் கூரை, மேற்கே பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல். லாரி உள்ளே வரும்போது காலி எடை, மூட்டை ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது பார எடை. வண்டி எண்ணைத் தட்டி, சீட்டை அச்சடித்து, ஜன்னல் துவாரம் வழியாக ஓட்டுநரிடம் நீட்ட வேண்டும். அறையில் ஒரு மேசை விசிறி உண்டு. அது கம்ப்யூட்டரின் முகத்தைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. கம்ப்யூட்டர் சூடு தாங்காதாம், பழுதானால் வேறு வாங்க மூன்று மாதம் ஆகுமாம். அவள் பழுதானால் மறுநாளே வேறு ஆள் கிடைக்கும் என்பதால் அவளுடைய சூட்டைப் பற்றி உத்தரவு எதுவும் போடப்படவில்லை.

ஓட்டுநர்கள் அவளை எடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மழைக்காலத்தில் சேர்ந்ததால் தகரக் கூரையின் முழுத் திறமையும் அவளுக்கு அப்போது தெரியவில்லை. பங்குனி வெயில் வந்த பிறகு கூரை தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. வலி இடது பொட்டில் ஆரம்பிக்கும். பிறகு கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். நான்கு மணிக்கெல்லாம் லாரி ஹாரன் ஒவ்வொன்றும் மண்டைக்குள்ளேயே அடிப்பது போல இருக்கும்.

தலைவலிக்கு ஒரு குணம் உண்டு. வருவது ஒருவருக்குத்தான், ஆனால் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அவள் கணவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். முழங்கால் வலி என்று சொன்னாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பான்.

"உனக்கு பவர் வந்திருக்கு. நான் அப்பவே நெனச்சேன்" என்றான்.

"எப்ப நெனச்சீங்க?"

"கல்யாணம் ஆன புதுசுலயே."

மறுநாளே லேசான சாம்பல் நிறம் ஏற்றிய கண்ணாடி ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போனாள். ஜன்னல் வழியாக வந்த கூச்சம் கொஞ்சம் அடங்கியது என்பது உண்மை. தலைவலி அடங்கவில்லை. வலியோடு பார்த்தவள் இப்போது வலியோடு தெளிவாகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கொழுந்தன் மருந்துக் கடையில் இருந்தான். அடுத்தவர்களின் மருந்துச் சீட்டைப் படித்துப் படித்தே பாதி டாக்டர் ஆகிவிட்டவன். எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"இது வெயில் தலைவலி அண்ணி. காலைல சாப்பிட்டதும் ஒண்ணு போட்டுக்கங்க. வர்றதுக்கு முன்னாடியே போயிரும்" என்று ஒரு அட்டை மாத்திரையை நீட்டினான்.

முதல் வாரம் கேட்டது. இரண்டாம் வாரம் மத்தியானம் இன்னொன்று தேவைப்பட்டது. மூன்றாம் வாரம் தலைவலி இரண்டு மணி வரை காத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, காலையில் கண் விழிக்கும்போதே எழுந்து உட்கார்ந்திருந்தது. கொழுந்தன் யோசித்துவிட்டு, அதே மாத்திரையை வேறு நிற அட்டையில் கொண்டுவந்து கொடுத்தான்.

மாமியார் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. "தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட ஓடுற. உள்ள நீர் கோத்துக்குச்சு. அதான்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பின்னால் நினைத்துப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. பிரச்சினை நீர்தான் என்பது வரைக்கும் மாமியார் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

மேனேஜரிடம் அவள் சொல்லவே இல்லை. அவரே ஒரு நாள் கண்டுபிடித்தார், அதுவும் ஒரு தப்பு நடந்த பிறகு.

அன்று அனல் காற்று. வலியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு லாரிகளின் எண்ணை மாற்றித் தட்டிவிட்டாள். இவன் சீட்டு அவனுக்கு, அவன் சீட்டு இவனுக்கு. ஒரு வண்டி பக்கத்து ஊருக்குத்தான் போனது, அங்கே யாரும் எண்ணைச் சரிபார்க்கவில்லை. இன்னொன்று அறுபது கிலோமீட்டர் போய், அங்கே எண் ஒத்துவரவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. ஓட்டுநர் நரைத்த மீசைக்காரர். திரும்பி வந்து ஜன்னலில் சீட்டை வைத்தார். திட்டுவதற்கென்று வழி முழுக்க யோசித்து வந்திருப்பார் போல. அவள் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விழுங்கிவிட்டு, "ஒடம்பு சரியில்லையா எடையக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மேனேஜருக்கு அப்படி விழுங்கும் வழக்கம் இல்லை.

"எந்நேரமும் போனையே நோண்டிட்டு இருந்தா தலை வலிக்காம என்ன செய்யும்?" என்றார்.

அவளிடம் இருந்தது பட்டன் போன். அதில் நோண்டுவதற்கு நேரமும் தேதியும்தான் உண்டு. அதை அவர் கண் முன்னாலேயே மேசையில் எடுத்து வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப மனசுல ஏதோ கவலை. நல்லதையே நெனைங்க. எனக்கெல்லாம் தலைவலியே வராது, பாத்திருக்கீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு வந்து, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, நாலு மணிக்குக் கிளம்புகிறவருக்கு நல்லதை நினைக்க நிறைய வசதி இருந்தது.

மறுநாள் அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் அம்மா அவள் வயதுதான் இருப்பார். கண்ணாடியைப் பற்றியும் ஈரத் தலையைப் பற்றியும் பொறுமையாகக் கேட்டார். மாத்திரைக் கணக்கைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"தினமுமா? எத்தன நாளா?"

"ஒன்றரை மாசமா."

"அடிக்கடி போட்டா அந்த மாத்திரையே தலைவலிய உண்டாக்கும். அத நிறுத்துங்க. நிறுத்தினா நாலஞ்சு நாள் வலி இன்னும் கூடத் தெரியும், பயப்படாதீங்க. லீவு நாள்ல வலிக்குதா?"

யோசித்துப் பார்த்தாள். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் வலித்ததே இல்லை.

"வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"சாப்பிடறப்ப ஒரு அரை டம்ளர்."

"ஏன், பாட்டில் கொண்டு போறதில்லையா?"

"கொண்டு போறேன் டாக்டர். அப்படியே திரும்பக் கொண்டுவந்துருவேன்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவை யூரின் போவீங்க?"

"காலைல வீட்ல ஒரு தடவை. சாயந்திரம் வீட்டுக்கு வந்து ஒரு தடவை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவளுக்கு அப்போதுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. எட்டு மாதமாக இதை ஒரு காரணமாக அவள் நினைத்ததே இல்லை. கிடங்கின் பின்சுவர் ஆண்களுக்கு. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் ஓடு பதித்த நல்ல கழிவறை ஒன்று இருந்தது. அது விருந்தினர்களுக்கு. எட்டு மாதத்தில் விருந்தினர் ஒருவர் வந்தார், அவரும் காரை விட்டு இறங்கவில்லை. சாவி மேனேஜரின் கொத்தில் இருக்கும், அவர் மட்டும் போய் வருவார். வேலைக்கு வரும் நேரத்தைப் பார்த்தால் அவரும் ஒரு வகையில் விருந்தினர்தான். சேர்ந்த புதிதில் அவள் ஒரு தடவை கேட்டாள். "பாக்கலாம்" என்றார். அதற்கு மேல் அதைப் போய் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டுக்கொண்டு, தண்ணீரைக் குறைத்தாள். உடம்பும் சொன்னபடி கேட்டது. கேட்டதற்குக் கூலியாகத் தலையை எடுத்துக்கொண்டது.

"இந்த வெயில்ல இப்படி இருந்தா தலைவலியோட நிக்காது. கிட்னி வரைக்கும் போகும். என்னைக்காவது வலியோட வாந்தி வந்தா, வேர்க்கறது நின்னு போனா, பேச்சு குழறினா, தைலம் தேய்ச்சிட்டு உக்காராம நேரா இங்க வரணும்" என்றார் டாக்டர்.

"சரி டாக்டர். ஆனா இதையெல்லாம் சீட்டுல எழுதிக் குடுங்க. வாயால சொன்னா எங்க மேனேஜருக்குக் காது கேக்காது."

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். மருந்துச் சீட்டில் மருந்து ஒன்றும் எழுதவில்லை. முதல் வரி: மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டாவது வரி: தேவைப்படும்போதெல்லாம் கழிவறை, அடக்கக் கூடாது. கீழே கையெழுத்து, முத்திரை.

மறுநாள் மத்தியானம் இதைச் சாக்கு தைக்கிற அக்காவிடம் சொன்னாள். கிடங்குக்குள் மூட்டை வாய்களைத் தைப்பவர் அவர். அங்கே இருந்த இன்னொரு பெண் அவர் மட்டும்தான். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் எடை அறையின் நிழலில் உட்காருவார்கள்.

"இதுக்கா ஆஸ்பத்திரி வரைக்கும் போன?" என்றார் அக்கா. "நான் பதினோரு வருஷமா இங்க தண்ணி குடிக்கறதில்ல."

"தலை வலிக்காதாக்கா?"

"வலிக்கும். எல்லாருக்கும் மத்தியானம் வலிக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பது போலச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினார். எடையக்கா பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டாள்.

சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் இரண்டு தடவை படித்தார். முத்திரை நிஜமா என்று வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தார்.

"அது விருந்தாளிங்களுக்குக் கட்டினதும்மா. இன்னைக்கு உங்களுக்குத் திறந்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாரும்னா இன்னும் ஒருத்தங்கதான் சார்."

"அதான் சொல்றேன், அப்படித்தான் ஆரம்பிக்கும். மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்க்ல ஒண்ணு இருக்கே, அங்க போய்ட்டு வாங்களேன். நான் வேணாம்னா சொன்னேன்?"

"போகலாமா சார்?"

"தாராளமா."

"சரி சார்" என்று சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள். பெட்ரோல் பங்க் போக பன்னிரண்டு நிமிடம், வர பன்னிரண்டு நிமிடம். மேனேஜர் எப்போதும் காரில் போகிறவர் என்பதால் அதை அவர் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

மறுநாள் காலை பட்டன் போனில் மணிக்கு ஒரு தடவை அலாரம் வைத்தாள். அலாரம் அடித்தால் ஒரு டம்ளர். பத்தரை மணிக்கு உடம்பு தன் உரிமையைக் கேட்டது. அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஜன்னலில் மாட்டினாள்: "எடை போடுபவர் பெட்ரோல் பங்க் வரை சென்றிருக்கிறார். அரை மணியில் வருவார்." அறையைப் பூட்டி, குடையை விரித்து, ஈரத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நடந்தாள். திரும்பி வந்தபோது நாலு லாரிகள் நின்றன. ஒன்றரை மணிக்கு மறுபடி போனாள். திரும்பியபோது ஏழு.

அன்றைக்குத் தலைவலி முன்னைவிடக் கடுமையாக இருந்தது. மாத்திரையை நிறுத்தியதற்கான தண்டனை அது. டாக்டர் எச்சரித்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் கணவன், "கண்ணாடிய ஒழுங்காப் போடறியா?" என்றான். கொழுந்தன் மூன்றாவது நிறத்தில் ஒரு அட்டையோடு வந்தான். இரண்டு பேரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. மூன்றாம் நாள் அது எதிர்த் தொழிற்சாலையின் கேட்டை அடைத்தது. லாரிகள் வெயிலில் நின்றால் ஓட்டுநர்களின் கை தானாக ஹாரனுக்குப் போகும். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். எதிர்த் தொழிற்சாலைக்காரர்கள் மேனேஜருக்குப் போன் செய்து திட்டினார்கள். கிடங்கு முதலாளியும் போன் செய்து, ரோட்டில் என்ன ஊர்வலம் என்று கேட்டார்.

அவள் குடையோடு திரும்பி வந்தபோது மேனேஜர் எடை அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலையில் கைக்குட்டை. எட்டு மாதத்தில் அவரை வெயிலில் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் சிவந்து, ஒரு கை நெற்றிப் பொட்டைப் பிடித்திருந்தது.

"எங்க போனீங்க?"

"பங்க்குக்கு சார்."

"எத்தன தடவை போவீங்க ஒரு நாளைக்கு?"

"மூணு, நாலு. வெயிலப் பொறுத்து சார்."

"வேலை நேரத்துல இப்படிப் போனா எப்படி? யாரக் கேட்டுட்டுப் போனீங்க?"

"உங்களத்தான் சார். தாராளமான்னு சொன்னீங்க." பையிலிருந்து சீட்டை எடுத்தாள். "இது டாக்டர் சீட்டு, ரெண்டாவது வரி."

முன்னால் நின்ற லாரியிலிருந்து நரைத்த மீசைக்காரர் இறங்கி வந்தார். அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். சீட்டை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். இரண்டாவது வரியை வாசிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தரையைப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் வேலைக்குப் போகிற பெண்கள் இருப்பார்கள்.

"இங்க பொம்பளைங்களுக்கு எடமே இல்லையா சார்?" என்றார் மீசைக்காரர்.

"இருக்கு" என்றார் மேனேஜர்.

"அப்புறம்?"

"பூட்டியிருக்கு."

"சாவி?"

மேனேஜர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய இடுப்பில் தொங்கிய கொத்து அவருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"குடுத்துருங்க சார். அன்னைக்கு நான் அறுபது கிலோமீட்டர் சும்மா போய்ட்டு வந்ததுக்குக் காரணம் இப்பதான் தெரியுது" என்றார் மீசைக்காரர். குரலில் கோபம்கூட இல்லை.

பின்னால் யாரோ ஹாரனை நீளமாக அழுத்தினார்கள். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "காலைலேர்ந்து இந்தச் சத்தத்துல தலையே வெடிக்குது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"தண்ணி குடிச்சீங்களா சார்?" என்று எடையக்கா கேட்டாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள் என்று பிற்பாடு சாதித்தாள். அந்த இடத்தில் இருந்த யாரும் அதை நம்பவில்லை.

அவர் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். அது சுலபமாகக் கழன்று வரவில்லை, நகம் ஒடிந்தது. "ஒரு வாரத்துக்கு மட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். அன்று சாயந்திரமே அவள் கடைத்தெருவில் அந்தச் சாவிக்கு இரண்டு நகல் போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து அசல் சாவியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பெண் ஊழியர்களின் நலனில் எப்போதும் அக்கறை கொண்ட நிர்வாகம், மேனேஜரின் இடைவிடாத முயற்சியால் கழிவறை வசதி செய்து தந்திருப்பதாக அதில் இருந்தது. அவர் இடைவிடாமல் முயன்றது என்னவோ உண்மைதான். எந்தப் பக்கமாக முயன்றார் என்பதை மட்டும் தாள் சொல்லவில்லை.

தலைவலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. ஐந்தாம் நாள் காலை வலியில்லாமல் விழித்தாள். ஒன்பதாம் நாள் இரண்டு மணி வந்து, மூன்று மணியும் ஆனபிறகுதான் எதையோ காணோமே என்று நினைவுக்கு வந்தது. வெயில் அப்படியேதான் இருந்தது, தகரமும் அப்படியே. விசிறியை மட்டும் அவள் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடையில் இன்னும் மூன்று தடவை தலை வலித்தது. சாப்பிட நேரமில்லாத நாளில் ஒன்று, வெயிலில் வெகுநேரம் நின்ற நாளில் ஒன்று, கொழுந்தனின் கடைக்குப் போய்வந்த நாளில் ஒன்று.

சாக்கு தைக்கிற அக்காவிடம் இரண்டாவது நகலைக் கொடுத்தபோது அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு சும்மா இருந்துவிட்டார். இரண்டு நாள் தொடவில்லை. பதினோரு வருடத்துப் பழக்கம் சாவி கிடைத்ததும் மாறிவிடாது. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், கிடங்கின் மூலையில் இருந்த குழாயைத் திறந்து ஒரு டம்ளர் நிறையப் பிடித்து வந்தார். ஏதோ மருந்து குடிக்கிறவர் மாதிரி கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"என்னாக்கா?"

"இந்தத் தண்ணி இவ்வளவு உப்பா கரிக்குது" என்றார் அக்கா. "பதினோரு வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது."

எடையக்கா டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அது தண்ணீரே இல்லை, கரைத்து வைத்த உப்பு. தன் பாட்டிலை அக்கா பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னலில் மாட்ட ஒரு புது அட்டையை எடுத்து எழுத உட்கார்ந்தாள்: "எடை போடுபவர் குடிதண்ணீர் பிடிக்கச் சென்றிருக்கிறார்."